வானத்தைப் பார்க்கிறோம், மண்ணைப் பார்ப்பதில்லை

மழைக் கணிப்பு தவறிப்போனால் மேகத்தையும் காற்றையும் பற்றியே பேசுகிறோம். மழையைக் கணிக்கும் கணினி மாடலுக்குள் மண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மழையையே மாற்றிவிடும் விஷயம் அது.

1993 ஜூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகையில் வாரக்கணக்கில் மழை. ஆகஸ்ட் 1 அன்று செயின்ட் லூயிஸில் ஆறு 49.58 அடியைத் தொட்டது. 30 அடியைத் தாண்டினாலே அங்கே வெள்ளம்தான். அதே சமயத்தில்தான் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தன் மாடலின் மண் பகுதியை மாற்றிக்கொண்டிருந்தது. பழைய முறையில் அடிமண்ணின் ஈரம் வழக்கமான மாதச் சராசரியோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. புதியதில் 2.89 மீட்டர் ஆழம் வரை நான்கு அடுக்குகள். பெய்த மழை வரவு, ஆவியான நீர் செலவு என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் வைத்து அதே ஜூலையைப் பிற்பாடு கணித்துப் பார்த்தார்கள். புதிய முறைதான் உண்மையில் பெய்த மழையை நெருங்கி வந்தது.

காரணம்தான் என்னை அசர வைத்தது. வெள்ளக்காடான இடத்து மண் அல்ல, காற்று அங்கே வந்து சேர ஒரு நாள் முன்பு கடந்த நிலம்தான் விஷயம். நிலம் ஈரம் விடாவிட்டால் வெயில் காற்றைத்தான் சூடாக்கும். அந்தச் சூடான காற்று பானைக்கு மூடி போட்ட மாதிரி மேலே பரவி, கீழே இருக்கும் ஈரக்காற்றை எழவிடாது.

சரி, நமக்கென்ன? மண்ணின் ஈரம் மழையோடு இறுகப் பிணைந்த இடங்கள் என்று 2004-ல் பல மாடல்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டியவற்றில் இந்தியாவும் ஒன்று. டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலைக் கணிப்பு மாடலோடு வரும் நிலப் பயன்பாட்டு வரைபடங்களில் ஒன்று 1992-93 செயற்கைக்கோள் படங்களிலிருந்து செய்தது. அதை வைத்துச் சென்னைக்கு மாடல் ஓட்டினால் பழைய மகாபலிபுரம் சாலையின் இன்றைய கட்டடங்கள் அதில் இருக்காது. அங்கே கான்கிரீட் கொதிக்கும். மாடலோ செடிகொடியிலிருந்து நீராவி எழுவதாகக் கணக்குப் போடும்.

செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். மண் ஈரத்தை அளக்க நாசா 2015-ல் ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் அளப்பது மேல்மண்ணில் 5 சென்டிமீட்டர்தான். மழை விட்டு ஒரு வாரம் கழித்துத் தோட்டத்தில் மண்வெட்டியால் கொத்திப் பாருங்கள். மேலே வெளுத்து ஓடு கட்டியிருக்கும். ஒரு சாண் கீழே உருண்டை பிடிக்கிற பதத்தில் ஈரம் இருக்கும். வேர் குடிப்பதும் இலை வழியாக வானத்துக்குப் போவதும் அந்த ஈரம்தான். ரேடார் வாங்கப் பணம் ஒதுக்கும்போது, மாவட்டம்தோறும் அந்த ஆழத்தில் ஈரம் அளக்கும் கருவிகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.