கத்தி இருக்கு, கல் இல்லை

தாத்தாவின் சவரக்கத்தி டிரங்குப் பெட்டியில் கிடைத்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துச் சரக்கு. கூர் மட்டும் இல்லை. சரி, தீட்டிக்கொள்ளலாம் என்று நெல்லை டவுன் ரத வீதிகளைச் சுற்றினேன். அரிவாள் தீட்டும் கல் கிடைக்கிறது. சவரத்துக்கு வேண்டிய 8000 நம்பர் வழுவழுக் கல் கிடையாது. தீட்டிய கத்தியைக் கடைசியாகத் தேய்த்தெடுக்கும் தோல்வார் கேட்டால் பெல்ட் கடையைக் கைகாட்டுகிறார்கள்.

"பிளேடுதான் பெட்டிக்கடையிலேயே கிடைக்கே தம்பி, எதுக்கு இந்தப் பாடு?" என்றார் ஒரு அண்ணாச்சி.

சலூன்காரர்கள் எப்போதோ பாதி பிளேடு மாட்டும் கத்திக்கு மாறிவிட்டார்கள். ஒருவருக்குப் போட்டதை அடுத்தவருக்குப் போடாமல் எறிந்துவிடலாம், அது நியாயம்தான். ஆன்லைனில் பார்த்தால், திடீரென்று எல்லாருக்கும் பழைய முறைச் சவரத்தில் ஆசை வந்துவிட்டதுபோல எதைத் தொட்டாலும் 'ஸ்டாக் இல்லை'. இருக்கிற ஒன்றிரண்டும் துருப்பிடித்த கத்தி. விலையோ கல்யாண நகை மாதிரி.

கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் ஒரு கட்டி கிடைத்தது. வெட்டுப்பட்ட இடத்தில் தடவுவதற்கு. இந்தக் கத்தி முதலில் வெட்ட வேண்டாமா?