இரண்டு மடங்கு வேகத்தில் அம்மா

அம்மா அனுப்பும் குரல் பதிவுகளை நான் இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பேன். வாட்ஸ்அப்பில் 2021-ல் வந்த வசதி அது. 1.5 வைத்தால் அம்மா கொஞ்சம் அவசரத்தில் இருப்பது போலத் தோன்றும். 2 வைத்தால் யாரோ துரத்துவது போல. நாலு நிமிடப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சமான இரண்டு நிமிடத்தை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டும் வீடியோவைப் பார்த்திருப்பேன்.

தொழில்நுட்பம் நம்மைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்ற பட்டிமன்றம் ஓய்வதே இல்லை. பிரிக்கிறது என்ற அணியில்தான் நானும் ரொம்ப நாள் இருந்தேன், அதையும் போனில் தட்டித் தட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். என்னை அந்த அணியிலிருந்து இழுத்தவர் ஒரு நண்பர். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

டெலிபோனுக்கு 1876-ல் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதவர்களுக்குப் பாடம் நடத்தியவர். அவருடைய அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மனைவிக்கோ சின்ன வயதில் வந்த காய்ச்சலில் செவித்திறன் அடியோடு போய்விட்டது. ஊர் உலகத்தையே பேச வைத்த கருவியில் சொந்த மனைவியால் ஒரு வார்த்தை கேட்க முடியாது. முதல் குறுஞ்செய்தி போனது 1992-ல். வீடியோ அழைப்பு எல்லார் கைக்கும் வர அதன்பிறகும் பல வருடம் ஆனது. அதுவரை என் நண்பரைப் போன்றவர்களுக்கு டெலிபோன் என்பது அடுத்தவர் வீட்டு விசேஷம்.

இன்று அவர் தங்கையைக் கூப்பிடுவதைப் பார்க்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் கை தெரியாது என்று நாற்காலியைத் திருப்பிப் போடுவார். போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைப்பார், இரண்டு கையும் வேண்டுமே. அப்புறம் சைகை மொழியில் ஒரு மணி நேரம், பெரும்பாலும் சண்டை. அந்த ஒரு மணி நேரத்தில் அவரால் வேறு எதையும் தொடவோ பார்க்கவோ முடியாது. பார்வையை எடுத்தால் பேச்சே அறுந்துவிடும்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. இருவரிடமும் இருப்பது போன்தான். அவர் அதில் நேரத்தைக் கொட்டுகிறார், நான் மிச்சம் பிடிக்கிறேன். பிறந்தநாளா, நினைவூட்ட ஆள் இருக்கிறது, ஒரு கேக் படம் போதும். துக்கமா, கூப்பிய கை. மாமா எழுதிய நாலு பத்திக்கு ஒரு கட்டைவிரல். ஒவ்வொன்றிலும் அரை நொடியில் கடமை முடிந்துவிடுகிறது. உறவு என்று நாம் சொல்வதே அந்தச் செலவைத்தானே? அதை மிச்சம் பிடித்தால் கையில் என்ன நிற்கும்?

1998-ல் அமெரிக்காவில் ராபர்ட் கிரௌட் என்ற ஆய்வாளரின் குழுவினர், இணையம் அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தனிமை சற்றுக் கூடுவதாக எழுதினார்கள். பெரிய பேச்சானது. அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் மறைந்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழியைப் போன் மேல் போட்டுவிட்டு நழுவ எனக்கும் ஆசைதான்.

போன வாரம் வேகத்தை 1-க்கு மாற்றி அம்மாவின் ஒரு பதிவைக் கேட்டேன். இத்தனை நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு வாங்குகிறது. மாடி ஏறி வந்திருப்பாரோ என்னவோ. கடைசியில், "சரி, நீ வேலையா இருப்ப, வச்சிடறேன்பா" என்றார். பதிவை நிறுத்த மறந்துவிட்டார் போல. இன்னும் 11 நொடி ஓடியது. நாற்காலி நகரும் சத்தம், ஒரு இருமல், அப்புறம் யாரும் பேசாத அந்த வீடு.