சராசரி ஏறினால் எல்லோரும் ஏறியதாகுமா?
புறநகரின் சராசரி தனிநபர் வருமானம் கூடியிருப்பதால் அங்கிருப்பவர்கள் எல்லோருமே முன்னேறிவிட்டார்கள் என்று இங்கே வந்துள்ள கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒரு தெருவில் ஒன்பது பேர் மாதம் 20 ஆயிரமும் பத்தாமவர் 5 லட்சமும் சம்பாதித்தால் சராசரி 68 ஆயிரம். அந்தத் தொகையை வாங்குகிறவர் தெருவில் ஒருவர்கூட இல்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் அதே 20 ஆயிரம்தான். புதிதாக ஒரு அடுக்குமாடி எழுந்து நல்ல சம்பளக்காரர்கள் குடிவந்தாலே சராசரி எகிறிவிடும், பழைய ஆட்களுக்கு ஒரு காசு கூடியிருக்காது. இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், ஏற்றத்தாழ்வை அளக்க கினி குறியீடு (வருமானம் எவ்வளவு சமமில்லாமல் பங்கிடப்பட்டிருக்கிறது என்று காட்டும் எண்) போதும் என்கிறார். 1912இல் வந்த அந்த அளவுகோல் ஒற்றை எண்தான்; இடைவெளி மேல்தட்டில் விரிகிறதா, அடித்தட்டில் விரிகிறதா என்று அது சொல்லாது. அதற்கு லோரன்ஸ் வளைகோட்டையும் (குறைந்த வருமானக்காரரில் தொடங்கி, எத்தனை சதவீதம் பேருக்கு மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் போகிறது என்று காட்டும் கோடு) பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வருமானத்தை மட்டும் பார்த்தாலும் யார் சிரமப்படுகிறார் என்பது தெரியாது; வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு வீட்டு மாடியில் ஓய்வு பெற்ற உரிமையாளர், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம், மூன்று பேர் வேலைக்குப் போகிறார்கள். படிவத்தில் பெரியவரின் வருமானம்தான் குறைவு. ஆனால் மாதா மாதம் வாடகைக்காக வயிற்றைக் கட்டுவது கீழ்வீடு.