குளிர்காற்று நுரையீரலை உறைய வைக்குமா?

"உறைபனிக் குளிரில் சைக்கிள் மிதிக்காதீர்கள், நுரையீரல் உறைந்துவிடும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

உள்ளே போகும் காற்றை மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் சூடாக்கி, ஈரமும் ஏற்றிவிடுகின்றன. நுரையீரலின் ஆழத்தை எட்டும்போது அது கிட்டத்தட்ட உடல் வெப்பமான 37 டிகிரிக்கு வந்துவிடும். வேகமாக மிதிக்கும்போது வாயால் மூச்சு வாங்குவோம். அப்போது வறண்ட காற்று மூச்சுக்குழாயை உலர்த்துவதால் இருமல் வரும், நெஞ்சு எரியும். இதைத்தான் பலர் உறைவதாக நினைக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதே காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கி இழுப்பை உண்டாக்கலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, இன்ஹேலரோடுதான் கிளம்ப வேண்டும். வாயையும் மூக்கையும் மூடி மெல்லிய துணி கட்டுவது எல்லாருக்குமே நல்லது. வெளிவிடும் மூச்சின் சூடும் ஈரமும் அதில் தங்கி அடுத்த மூச்சுக்கு உதவும்.

சரி, எதற்குத்தான் பயப்பட வேண்டும்? விரல், காது, மூக்கு நுனி உறைந்துபோவதற்குத்தான். −10 டிகிரியில் மணிக்கு 25 கி.மீ. வேகக் காற்று பட்டால் தோலுக்கு அது −19 போல இருக்கும். சைக்கிள் ஓட்டுபவர் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். விரல் மரத்து வெளுத்தால் உடனே நிறுத்தி, சூடான இடத்துக்குப் போங்கள். தேய்க்கவே கூடாது.