எல்லா மதமும் ஒன்றே என்று வத்திக்கான் அறிவித்ததா?

"1965ல் கத்தோலிக்கத் திருச்சபை எல்லா மதமும் ஒன்றே என்று ஒப்புக்கொண்டது, எதை நம்பினாலும் சரி, அது கடவுள் தந்த உரிமை" என்றொரு பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதில் ஆண்டு மட்டும் சரி.

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சமயச் சுதந்திர அறிக்கை (டிக்னிட்டாட்டிஸ் ஹுமானே) 1965 டிசம்பர் 7 அன்று வெளியானது. இறுதி வாக்கெடுப்பில் ஆதரவு 2308, எதிர்ப்பு 70. மொத்தமே 15 பத்திகள். ஒரே உண்மைச் சமயம் கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைத்திருக்கிறது என்று முதல் பத்தியே சொல்கிறது. பதிவை எழுதியவர் அதுவரைகூடப் படிக்கவில்லை போலும்!

குழப்பம் 2ஆம் பத்தியில் வருகிறது. அங்கே பேசப்படும் உரிமை, மத விஷயத்தில் தனியாளோ குழுவோ அரசோ ஒருவரை வற்புறுத்தக் கூடாது என்பதுதான். உரிமையின் அடிப்படை அவரவர் கருத்தோ மனநிலையோ அல்ல, கடவுளின் வார்த்தையும் பகுத்தறிவும் காட்டும் மனித மாண்பு. அதனால்தான் உண்மையைத் தேடாதவருக்கும் அந்த உரிமை உண்டு. நியாயமான பொது ஒழுங்கு கெடாதவரை அதைத் தடுக்க முடியாது. எல்லாக் கொள்கையும் சரி என்ற தீர்ப்பு அதில் எங்கும் இல்லை.

4ஆம் பத்தி கிறிஸ்தவர்களையும் கட்டுப்படுத்துகிறது: மறையைப் பரப்பும்போது வற்புறுத்தலோ தகாத தூண்டுதலோ கூடாது, குறிப்பாக ஏழைகளிடமும் படிக்காதவர்களிடமும். இதை அந்தப் பதிவு சொல்வதே இல்லை.

முழு உரை வத்திக்கான் இணையதளத்தில், சங்க ஏடுகள் பகுதியில் இருக்கிறது. 1, 2, 4 பத்திகளை மட்டும் பார்த்தாலே போதும். பதிவு உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கு அந்த மூன்று பத்திகளின் எண்ணை அனுப்புங்கள்.