கத்தார்ல சம்பளம் வருதாகா?

(மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு வீடு. கணவர் கத்தாரில் வேலை செய்யும் ஓர் இளம் தாயை, 'புள்ள' என்று கூப்பிடும் மாமி பார்க்க வருகிறார்.)

மாமி: மனசத் தேத்திக்க மகள். எல்லாருக்கும் வாறதுதான்.

புள்ள: என்ன மாமி வாறது?

மாமி: மறைக்காத. கொடியப் பாத்துத்துத்தான் வாறன். பதினாறு துணி. எண்ணினன். புருசன் உடுக்கிற சாரத்தையே கிழிச்சுப் போட்டியேகா!

புள்ள: இத்துப்போன சாரம் மாமி. புள்ளைக்கு நாப்கின்.

மாமி: அதத்தான் நானும் சொல்றன். (குரலைத் தணித்து) கத்தார்ல சம்பளம் வருதாகா?

புள்ள: வருது.

மாமி: முழுசா?

புள்ள: முழுசா.

மாமி: அப்ப ஏன் கடையில வாங்குற பம்பஸ் நாப்கின் இல்ல?

புள்ள: பம்பஸ் இல்ல எண்டா சம்பளம் இல்லயா?

மாமி: ஊருக்கு வேற எப்பிடித் தெரியும்? உன்ட பேங்க் புத்தகத்த வேலியிலயா காயப் போட்டிரிக்காய்?

(மாமி குந்தில் அமர்ந்துவிட்டார். கையில் ஒரு கடைப் பை, வாயை முறுக்கி மடியில் வைத்திருக்கிறார். துக்க வீட்டுக்கு வருபவர்கள் சீனியும் தேயிலையும் கொண்டுவரும்போது பையை எப்படிப் பிடிப்பார்களோ, அப்படி.)

மாமி: நேத்து குருமண்வெளித் துறையில அக்கரைக்குப் போற மிதவைப் பாதைக்கு நிக்கக்குள்ள ரெண்டு பேர் பறைஞ்சாங்க. வெளிநாட்டுக்காரன்ட பொஞ்சாதி கிணத்தடியில நிண்டு புள்ளட துணி துவைக்கிறா எண்டு.

புள்ள: நான் துணி துவைக்கிறது அக்கரை மண்டூர் வரைக்கும் போயிட்டா?

மாமி: அக்கரைக்குப் போகக்குள்ள துணி துவைக்கிறா எண்டுதான் போச்சு. திரும்பி வரக்குள்ள, அவன் அங்க இன்னொருத்திய வச்சிரிக்கான் எண்டு வந்து இறங்கிச்சு.

புள்ள: கத்தார்லயா? ஒரு அறைக்குள்ள எட்டுப் பேரோட கிடக்கார் மாமி. இன்னொருத்திய எங்க வைக்கிற? மேல்தட்டுக் கட்டில்லயா?

மாமி: எனக்கென்ன தெரியும்? நான் கண்டனா? நான் நம்பவுமில்ல. ஆனா ஒருக்கா கேட்டுத்துப் போவம் எண்டு வந்தன். இந்தா, புடி.

(பை திறக்கிறது. உள்ளே மூன்று பம்பஸ். பைக்கட் இல்லை. உதிரியாக மூன்று.)

புள்ள: இது என்ன மாமி?

மாமி: என்ட பேத்திக்கு வாங்கினது. அவ வளந்திட்டா. நீ வச்சுக்க. சொந்தமெண்டு எதுக்கு இரிக்கம்?

புள்ள: இது மூணு மாசப் புள்ளைக்குரியது. இவக்கு ஒண்டரை வயசு. ஒரு கால் கூடப் போகாது.

மாமி: போகாட்டிக் கொடியில போடு. நாலு பேர் பாக்கட்டும்.

புள்ள: பம்பஸக் கொடியில காயப் போட்டா, ஒண்டையே கழுவிக் கழுவிக் கட்டுறா எண்டுதான் மண்டூருக்குப் போகும்.

மாமி: ஓம், அதுவும் சரிதான். (யோசித்து) அப்ப முன் திண்ணையில வை. வெறுமனே வை.

புள்ள: மாமி, ஒரு கணக்குச் சொல்றன், கேக்கிறீங்களா? பம்பஸ் ஒண்டு 80 ரூபா எண்டு வைங்க. நாளைக்கு அஞ்சு. மாசம் 12,000. அவர் அனுப்புறது 90,000. அதை முப்பதால பிரிச்சா அவர்ட ஒரு நாள் 3,000. அப்ப மாசம் அவர்ட நாலு நாள் உழைப்பு குப்பைக் கிடங்குக்குள்ள போகுது. புள்ளைக்குப் பதினெட்டு மாசம். நாலால பெருக்கினா 72 நாள்.

மாமி: என்ன 72 நாள்?

புள்ள: 72 நாள் வெள்ளன வந்து சேருவார்.

மாமி: வந்து?

புள்ள: வந்து புள்ளயத் தூக்குவார்.

மாமி: தூக்கினா மேலெல்லாம் மூத்திரம் பெய்யுமே. பம்பஸ் இல்லயே.

புள்ள: பெய்யட்டும். அவருக்கு அதுதான் வேணுமாம். போன்ல காணுற புள்ள நனைக்கிறல்ல.

(மாமிக்கு இதற்கு மறுமொழி இல்லை. மறுமொழி இல்லாத இடத்தில் எங்கள் ஊரில் யாரும் வாயை மூடுவதில்லை. பேச்சைத் திருப்புவார்கள்.)

மாமி: சரி, மாரிக்கு என்ன செய்வாய்? இப்ப கச்சான் காத்து, அரை மணித்தியாலத்தில காயுது. கார்த்திகைக்கு மழை புடிச்சா?

புள்ள: அடுப்படியில கயிறு கட்டிக் காயப் போடுவன். ராவைக்கு மட்டும் ஒரு பம்பஸ் கட்டுவன். நான் என்ன விரதமா புடிக்கிறன்?

மாமி: அப்ப வாங்குறாய்!

புள்ள: மாரிக்கு வாங்குறன்.

மாமி: அப்ப சம்பளம் மாரிக்கு மட்டும்தான் வருதா?

புள்ள: மாமி!

மாமி: சும்மா கேட்டன். புள்ளயும் மெலிஞ்சு போய்க் கிடக்கா.

புள்ள: கிளினிக் கார்ட்டத் தாறன், நீங்களே பாருங்க. நிறை பச்சைக்குள்ள நிக்கிது.

மாமி: பச்சையா நிக்கிற காய் மறுகா மஞ்சளாகாம எங்க போகும்?

புள்ள: பச்சைக்குக் கீழ இறங்கினா மிட்வைஃப் மிஸ்ஸி வீட்டுக்கே வந்து ஏசுவா. இப்ப கிளினிக்கில குடுக்கிற திரிபோஷ சத்துமாவக் கேட்டாலும் தாறாவுமில்ல.

மாமி: கண்டயா! அரசாங்கமே கைவிட்டுத்து!

புள்ள: புள்ளையள்ல நிறை குறைஞ்சதுகளுக்குத்தான் மாமி அது. இவக்கு நிறை சரி, அதால தரல்ல. அதுக்குள்ள முக்கியமா இரிக்கிறது சோளனும் சோயாவும்தானே? நான் படுவான்கரைச் சோளனும் பயறும் கச்சான் கொட்டையும் வறுத்துத் திரிச்சு வச்சிரிக்கன். காலையில அதுதான் கஞ்சி.

மாமி: அடக் கடவுளே. கஞ்சி! வெளிநாட்டுக்காரன்ட புள்ளைக்கு! டின் பால் எங்க?

புள்ள: தாய்ப்பால் குடிக்கிறா. ஆறு மாசம் மட்டும் அது மட்டும்தான், தண்ணியும் வேணாம், மறுகா சாப்பாட்டோட ரெண்டு வயசு தாண்டியும் குடுக்கலாம் எண்டுதான் கிளினிக்கில சொல்றாங்க.

மாமி: அது சும்மா கிடைக்கிறதுகா. சும்மா கிடைக்கிறதுல என்ன சத்து இரிக்கப் போகுது?

புள்ள: நீங்க தாற புத்தியும் சும்மாதான் கிடைக்குது மாமி.

மாமி: அதத்தான் நீ கேக்கிறாயில்லயே! (தான் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.) வெளிநாட்டுச் சாப்பாடு ஒண்டுமே குடுக்கிறல்லயா?

புள்ள: ஏன், மத்தியானம் ஜப்பான் குடுத்தன்.

மாமி: (முகம் மலர்ந்து) ஜப்பான்ல இருந்தும் சாமான் போட்டு விட்டிரிக்கானா?

புள்ள: ஜப்பான் மீன். வாவியில புடிச்சது. முள்ளெடுத்து, முருங்கயிலச் சுண்டலோட சோத்துல பிசைஞ்சு.

மாமி: உனக்கு எல்லாம் பகிடி. எங்கட வீட்டு சோக்கேஸ வந்து பார். டோஹாவில இருந்து வந்த டின் ஒம்பது, வரிசையா அடுக்கி வச்சிரிக்கன்.

புள்ள: உங்கட மகன் திரும்பி வந்து ஆறு வருசமாச்சே மாமி. அது வெறும் டின்.

மாமி: வெறும் டின் எண்டு கண்ணாடிக்கு வெளியால தெரியுமா?

புள்ள: அதுக்குள்ள இப்ப என்ன இரிக்கு?

மாமி: ஒண்டுல உப்பு. ஒண்டுல மஞ்சள். ஒண்டுல கூனி இறால்.

புள்ள: நானும் கூனிதான் வச்சிரிக்கன். வெளியாலயே தெரியிற போத்தல்ல.

மாமி: அதுதான் உன்ட பிழை. இஞ்ச பார், உள்ளுக்க எப்பிடியும் இரி. ஆரு பாக்கப்போறா? ஆனா வெளியால ஒரு லட்சணம் வேணும். சோபா இல்ல. வாசல்ல கேட் இல்ல, கிடுகு வேலி. மிக்சி இரிக்கு, ஆனா நீ அம்மியில அரைக்கிறாய். விறகடுப்பு. இந்தக் காலத்துல விறகடுப்பு! கேஸ் குக்கர் இரிக்கிற வீட்டுல!

புள்ள: விறகடுப்ப எனக்குப் பழக்கினது நீங்கதான்.

மாமி: நானா?

புள்ள: 2022ல கேஸ் இல்லாம சனம் ரோட்டுல சிலிண்டரோட கிடந்ததே, ஞாபகம் இரிக்கா? நான் கலியாணம் முடிச்ச புதுசு. மூணு நாள் வரிசையில நிண்டன். நாலாம் நாள் உங்கட வீட்ட வந்து, மாமி, ஒரு சிலிண்டர் கைமாத்தாத் தாங்க எண்டு கேட்டன். உங்கட கட்டிலுக்குக் கீழ ரெண்டு கிடந்திச்சு. சீலையால மூடி.

மாமி: அது வெறும் சிலிண்டர்.

புள்ள: வெளியால தெரியல்ல மாமி. அப்ப என்ன சொன்னீங்க? "விறகு வச்சு எரிகா, சோறு ருசியா இரிக்கும், உடம்புக்கும் நல்லம், எங்கட பெத்தா காலத்துல கேஸ் இருந்ததா?" எண்டீங்க. அண்டைக்கு வச்ச நெருப்பு. இன்னும் எரியுது.

மாமி: நான் நல்லதுக்குத்தானே சொன்னன்.

புள்ள: நல்லதாத்தான் போச்சு. ஆனா அண்டைக்கு எனக்கு உண்மையாவே ஒண்டுமில்ல. கத்தாரும் இல்ல, காசும் இல்ல. ஒரு குருவி இந்தப் படலையால வரல்ல. இண்டைக்கு காசு வருது, பாத்துச் செலவழிக்கிறன். மூண்டு பம்பஸோட ஆறுதல் சொல்ல வாறீங்க.

(சற்று நேரம் கோழிச் சத்தம் மட்டும். பிள்ளை அந்த மூன்றில் ஒன்றை எடுத்துத் தலையில் தொப்பி மாதிரிப் போட்டுப் பார்க்கிறது. சரியாக இருக்கிறது.)

மாமி: ஆ, இந்தா! போகுது! நான் சொன்னனே!

புள்ள: தலைக்கு, மாமி.

மாமி: சரி விடு, பழசுகளப் பறைஞ்சு என்ன. உனக்கு ஒரு வழி பண்ணத்தான் நான் வந்ததே. (பைக்குள் மறுபடி கை போகிறது. நாலாக மடித்த தாள்.) இதுல ஒரு கையெழுத்து வை.

புள்ள: இது என்ன?

மாமி: லோன். ஒரு வில்லங்கமுமில்ல. சொத்து ஈடு வேணாம். அஞ்சு பொம்புளயள் சேந்தா காணும். நாலு பேர் இரிக்கம். அஞ்சாவதா இருந்தவ ராவோட ராவா அக்கரைக்குப் போயிட்டா.

புள்ள: ஏன் போனா?

மாமி: காத்து நல்லமாம் அங்க.

புள்ள: கிழமைக்குக் கிழமை கட்டுறதா?

மாமி: செவ்வாக்கிழமை. வீட்டுக்கே வந்து எடுப்பாங்க, நாம அலையத் தேவையில்ல. பவ்வியமான தம்பிமார். கட்டாட்டி எழும்பிப் போக மாட்டாங்க, அவ்வளவு பாசம்.

புள்ள: 2018லயும் நீங்க இப்பிடி ஒண்டுக்குள்ள மாட்டினதுதானே? வரட்சி வந்த 12 மாவட்டத்துல, ஒரு லட்சத்துக்கு மேல போகாத கடன மூணு மாசமாக் கட்டேலாமக் கிடந்த பொம்புளயளுக்கு அரசாங்கம் தள்ளுபடி எண்டு அறிவிச்சதே.

மாமி: ஓம். அந்தச் சந்தோசத்துலதான் மறுகா புதுசா ஒண்டு எடுத்தன்.

புள்ள: எதுக்கு?

மாமி: சோபாவுக்கு.

புள்ள: அந்த சோபாவுல ஆரு இருக்கிற?

மாமி: செவ்வாக்கிழமையில அந்தத் தம்பி இருப்பான். வேற ஆரு வாறா?

புள்ள: இண்டைக்கு என்ன கிழமை மாமி?

மாமி: …தெரியா.

புள்ள: செவ்வாய்.

மாமி: அப்பிடியா? நாள் போறதே தெரியல்ல. இந்தா பேனை.

புள்ள: ஒரு சந்தேகம். இந்த அஞ்சு பேர்ல ஒருத்தி கட்டாட்டி?

மாமி: மத்த நாலு பேரும் சேந்து கட்டணும். ஒற்றுமை. அதுதான் இதுல நல்ல விசயம்.

புள்ள: அந்தக் கட்டாத ஒருத்தி ஆரு?

மாமி: அத இப்பவே எப்பிடிச் சொல்லேலும்?

புள்ள: உங்கட முகத்துல எழுதியிரிக்கு. வெளியால தெரியிது மாமி.

மாமி: என்ன புள்ள நீ, நான் உனக்கு நல்லது செய்ய வந்தா… உன்ன மாதிரி வெளிநாட்டுக் காசு வாற ஒரு ஆள் குழுவுக்குள்ள இருந்தா மனேச்சர் தம்பி உடன குடுப்பார். யோசிக்கவே மாட்டார்.

புள்ள: ஒரு நிமிசம். சம்பளம் வரல்ல, நான் கஷ்டப்படுறன் எண்டுதானே ஆறுதல் சொல்ல வந்தீங்க?

மாமி: ஆரு சொன்னா? நான் வந்த உடன முதல் கேட்டதே அதத்தானே! கத்தார்ல சம்பளம் வருதாகா, முழுசா வருதாகா எண்டு. நீதான் கொடியில துணியப் போட்டு ஆளப் பயம் காட்டிப்போட்டாய்!

புள்ள: நான் கையெழுத்து வைக்கல்ல மாமி.

மாமி: 72 நாள் கணக்குப் பாக்கிற புத்திக்கு இது ஏறாது. சரி. (எழும்பி, சீலையைத் தட்டி) பின் படலை திறந்து கிடக்கா?

புள்ள: ஏன், முன்னால போங்களன்.

மாமி: முன் றோட்டால ஒரு மோட்டச்சைக்கிள் போய் வந்து திரியிது. எனக்கு அந்தப் புகை ஒத்துவராது. அந்த மூண்டையும் எடு.

புள்ள: பம்பஸயா? எனக்குத்தானே தந்தீங்க?

மாமி: உன்ட புள்ளைக்குத்தான் போகல்லயே. மூலை வீட்டுப் புள்ளைக்கு ரெண்டு மாசத்துக் கைக்குழந்தை. அங்கயும் ஒருக்கா எட்டிப் பாத்துத்துப் போறன், பாவம்.

புள்ள: அங்க கொடியில துணி ஒண்டும் காயல்லயே மாமி. பம்பஸ்தான் கட்டுறாங்க.

மாமி: (பிள்ளையின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, உதறி, பைக்குள் வைத்து) அதுதான் போறன். அங்கதான் கட்டாயம் லோன் தேவைப்படும்.