பேசுறதுக்கே இவ்ளோ ரேமா?

வியாசர்பாடில 4 ஜிபி ரேம் கம்ப்யூட்டர்ல கேம் ஆடுற பசங்களை, ஒரு முழு பிரவுசரையே உள்ள வெச்சுக் கட்டின வாய்ஸ் ஆப்பைப் போடச் சொல்றாங்க. ரேம் ரொம்பி, மிச்சம் ஹார்டு டிஸ்க்குக்குப் போய், சுடுற நேரத்துல கேம் உறையுது. பழி மட்டும் நெட் மேல!

அதுக்குப் பதிலா மம்பிள்னு ஒரு வாய்ஸ் ஆப் 2005லயே வந்தாச்சு. இலவசம், குரலைச் சுருக்கி அனுப்ப ஓபஸ் கோடெக். நொடிக்கு 24 கிலோபிட் போனாலே பேச்சு புரியும். ஒருத்தர் வீட்ல சர்வர் ஓட்டணும், ரவுட்டர்ல 64738ங்கிற போர்ட்டை, அதாவது வெளியிலேர்ந்து டேட்டா உள்ள வர்ற வாசலை, டிசிபி, யுடிபினு டேட்டா அனுப்புற ரெண்டு முறைக்கும் திறக்கணும். யுடிபியை விட்டுட்டா குரல் டிசிபில போய் திக்கித் திக்கித்தான் வரும். பொது ஐபி (வெளியிலேர்ந்து நேரா வர்றதுக்கான இணைய முகவரி) இல்லாத கனெக்‌ஷன்ல போர்ட் திறந்தும் பிரயோஜனமில்ல.

அப்புறம், பட்டனை அழுத்தினாதான் மைக் திறக்குற புஷ் டு டாக் போடுங்கப்பா! மைக்கைத் திறந்தே வெச்சா ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும்தான் கேக்குது, எதிரியோட காலடி கேக்கல.